மூன்று மாதத்துக்குள் ஒரு கடிதம்: திருமலையில் முதல் தடவை முறைப்பாடு செய்பவருக்கு

சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரத்தில் திருகோணமலையில் எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் நின்றுபோனது. வாங்கி ஐந்தாவது கிழமை. நகரத்தில் ஒரு கடையில் பாதிக் காசு கையிலும் மீதி தவணையிலுமாக எடுத்தது. கடைக்குப் போனேன். "கொழும்பில இருந்து ஆள் வரணும் அக்கா, அடுத்த கிழமை பாப்பம்" என்றார் அங்கே நின்ற பொடியன். அடுத்த கிழமையும் அதே பதில். அதற்கடுத்த கிழமை வேறொரு பொடியன் நின்றார், பதில் மட்டும் மாறவில்லை. மீன் வாங்கி வைக்க வழியில்லை, மாமியின் இன்சுலினை அயல்வீட்டுப் பிரிட்ஜில் வைத்து எடுத்தோம், தவணைக் காசு மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. ஒன்பதாவது கிழமையில் ஒரு கடிதம் எழுதினேன். பத்தாம் நாள் ஆள் வந்தார், கம்பிரசரை மாற்றித் தந்தார்கள்.

அந்தக் கடிதத்தில் பெரிய சட்ட அறிவு எதுவும் இல்லை. எப்போது வாங்கியது, பற்றுச்சீட்டு இலக்கம் என்ன, என்ன பழுது, எனக்கு என்ன வேண்டும், எந்தத் திகதிக்குள் வேண்டும், கிடைக்காவிட்டால் நான் எங்கே போவேன் என்பவைதான் இருந்தன. அதற்குப் பிறகு உவர்மலையிலும் பாலையூற்றிலும் தெரிந்தவர்கள் பலருக்கு இப்படிக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கோட்டுப்படி ஏறாமலே பெரும்பாலானவை முடிந்தன. முடியாமல் போனவற்றைத் திரும்பிப் பார்த்தால் காரணம் அநேகமாக ஒன்றுதான்: நாள் கடந்துவிட்டது, கையில் கடதாசி இல்லை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கலைக்க வேண்டும். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியும் யூடியூப்பும் பார்த்துப் பழகிய நாங்கள், "நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுகிறோம். இந்தியாவில் மாவட்டம், மாநிலம், தேசியம் என மூன்று படிநிலைகளில் நுகர்வோர் ஆணையங்கள் இருக்கின்றன. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் புதுப்பிக்கப்பட்ட ஏற்பாடு அது. இலங்கையில் அப்படித் தனி நீதிமன்றம் கிடையாது. இங்கே எங்களுக்கு இருப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும், அதன் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையும்தான். பத்திரிகைகளில் நுகர்வோர் அதிகாரசபை என்று வருவதும் இதுவே. இல்லாத நீதிமன்றத்தின் பெயரைச் சொன்னால், விஷயம் தெரிந்த கடைக்காரர் உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டிவிடுவார். இருக்கும் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

வாங்கும் அன்றே செய்ய வேண்டியது

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. "நம்ம கடைதானே அண்ணா, பில் என்னத்துக்கு" என்று சிரித்தபடி சொன்னாலும் நீங்களும் சிரித்தபடியே கேளுங்கள். தெரிந்த கடை, சொந்தக்காரர் கடை என்று விட்டுவிடுவதுதான் எங்கள் ஊரில் நடக்கும் முதல் பிழை. மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலும் பாதிக் கடைக்காரர்கள் எங்களுக்கு மச்சான், மாமா, அண்ணா முறை. முகத்துக்காகப் பில் கேட்காமல் வருகிறோம். பிறகு பிரச்சினை வந்தால் பொருளோடு உறவும் கெடுகிறது. கடதாசி இருந்தால் இரண்டு பக்கமும் ஞாபகத்தை நம்பிச் சண்டைபிடிக்கத் தேவையில்லை.

உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் திகதியும் பொருளின் தொடர் இலக்கமும் இருக்கின்றனவா என்று கடையில் நிற்கும்போதே பாருங்கள். வெறும் அட்டையைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடுவார்கள். பிறகு கொண்டுபோனால் முத்திரை இல்லை என்பார்கள்.

இப்போதைய பில்கள் பல வழவழப்பான வெப்பத்தாளில் அச்சாகின்றன. எங்கள் ஊர் வெக்கையில் சில மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளைத்தாளாகிவிடும். அன்றைக்கே போனில் ஒரு படம் எடுங்கள், ஒரு போட்டோகொப்பியும் அடித்து உத்தரவாத அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

பொதிசெய்த பொருளானால் அதிகபட்ச சில்லறை விலை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, நிறை ஆகிய நான்கையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் கூட வாங்க முடியாது. "குளிரூட்டுற செலவு" என்று சோடாப் போத்தலுக்குப் பத்து ரூபாய் கூட்டுவதும் இதற்குள் அடங்கும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சீசன் காலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு இது நடக்கிறது. எங்கள் விருந்தாளிகள் ஏமாந்து போவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

மூன்று மாதம் என்ற கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதென்றால் இதை வையுங்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, பொருளை விற்ற அல்லது சேவையை வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு போய்ச்சேர வேண்டும். ஜனவரி 10இல் வாங்கினால் ஏப்ரல் 10க்குள். போனில் சொன்னது, கடையில் போய்ச் சத்தம் போட்டது, வட்ஸ்அப்பில் மூன்று கேள்விக்குறி அனுப்பியது எதுவும் இந்தக் கணக்கில் சேராது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அன்ரி தையல் மெசின் வாங்கினார். தைத்துப் பிழைக்கும் குடும்பம். மோட்டார் இரண்டாம் மாதமே சூடாகி நின்றது. கடையில் "இன்னும் ஒரு கிழமை" என்று சொல்லிச் சொல்லியே நான்காம் மாதத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார். அவர் செய்த பிழை நம்பியது மட்டும்தான். கடைக்காரர் வேண்டுமென்று இழுத்தாரா, உண்மையிலேயே உதிரிப்பாகம் வராமல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எப்படியானாலும் நாள் ஓடியது அன்ரிக்குத்தான்.

அதனால் வாங்கிய அன்றே நாட்காட்டியில் இரண்டு திகதிகளைக் குறியுங்கள். ஒன்று, இரண்டு மாதம் முடியும் நாள். பழுது தீராவிட்டால் அதற்குள் கடைக்குக் கடிதம் போயிருக்க வேண்டும். மற்றது, மூன்று மாதம் முடிய ஒரு கிழமை இருக்கும் நாள். அதற்குள் அதிகாரசபைக்கு முறைப்பாடு போயிருக்க வேண்டும். நாள் கடந்துவிட்டது என்று தெரிந்தாலும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். அங்கே ஏற்காவிட்டால் மத்தியஸ்த சபை என்ற வாசல் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

கடைக்காரரோடு பேசுவது

முறைப்பாட்டுக்கு முன் கடையோடு பேச வேண்டும். முன்னால் நிற்கும் விற்பனைப் பிள்ளைகளோடு சண்டை வேண்டாம். அவர்களுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை, மாதச் சம்பளத்துக்கு நிற்பவர்கள். முதலாளி அல்லது முகாமையாளர் எப்போது இருப்பார் என்று கேட்டு அந்த நேரத்துக்குப் போங்கள். சனக்கூட்டம் இல்லாத முற்பகல் நேரம் நல்லது.

பேசப் போகும் முன் உங்களுக்கு என்ன வேண்டும் என்று தீர்மானியுங்கள். "ஏதாவது செய்து தாங்க" என்று கேட்டால் ஏதாவதுதான் கிடைக்கும். விசாரணைக்குப் பிறகு அதிகாரசபை கட்டளையிடக்கூடியவை மூன்று: பொருளை மாற்றிக் கொடுப்பது, பணத்தைத் திருப்பிக் கொடுப்பது, நட்டஈடு கொடுப்பது. இவற்றோடு திருத்தித் தருவதையும் சேர்த்து, நான்கில் ஒன்றைத் தெரிவுசெய்து அதையே கேளுங்கள். சின்னப் பழுதுக்குப் புதுப் பொருள் கேட்பது நியாயமில்லை. மூன்று தடவை திருத்தியும் அதே பழுது என்றால் நான்காம் தடவை திருத்தச் சம்மதிப்பதும் நியாயமில்லை.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைக் காட்டுவார்கள். அதைக் கண்டு பயந்து திரும்பி வராதீர்கள். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று கொண்டுபோனால் அவர் மறுக்கலாம், அது அவர் விருப்பம். பழுதான பொருள் வேறு கதை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சொன்ன விவரணத்துக்குப் பொருந்த வேண்டும், விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் எழுதாமலே ஒப்பந்தத்துக்குள் இருப்பதாக அந்தச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளுக்கென்று 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. இவற்றைக் கடையில் நின்று ஒப்புவிக்கத் தேவையில்லை. உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது என்ற தைரியத்தோடு மெதுவாகப் பேசினால் போதும்.

பேசி முடிந்து வெளியே வந்ததும் யாரோடு பேசினீர்கள், என்ன சொன்னார், எந்தத் திகதி என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அவர் சொன்ன வாக்கை ஒரு குறுஞ்செய்தியாக அவருக்கே அனுப்பிவிடுங்கள்: "இன்று பேசியபடி வரும் வெள்ளிக்கிழமைக்குள் ஆள் அனுப்புவதாகச் சொன்னீர்கள், நன்றி." 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட அந்தஸ்துக் கொடுத்திருக்கிறது. அந்தச் செய்தி பிறகு உதவும்.

கடிதம்

வாக்குக் காப்பாற்றப்படவில்லை என்றால் கடிதம். கையெழுத்தில் எழுதினாலும் சரி, ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நான் எழுதிக் கொடுக்கும் மாதிரி இது. இடைவெளியை நிரப்பிக்கொள்ளுங்கள்:

"முகாமையாளர் அவர்களுக்கு,
…… திகதி தங்கள் கடையில் …… இலக்கப் பற்றுச்சீட்டின் மூலம் …… ரூபாய்க்கு …… வாங்கினேன். தொடர் இலக்கம் ……. …… திகதியிலிருந்து அது ……. இது பற்றி …… ஆகிய திகதிகளில் நேரிலும் தொலைபேசியிலும் தெரிவித்தேன். இதுவரை தீர்வு கிடைக்கவில்லை. இக்கடிதம் கிடைத்து 10 நாட்களுக்குள் பொருளை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன் என்பதை அறியத்தருகிறேன். பற்றுச்சீட்டினதும் உத்தரவாத அட்டையினதும் பிரதிகள் இணைக்கப்பட்டுள்ளன."

பெயர், முகவரி, தொலைபேசி, கையொப்பம், திகதி. அவ்வளவும் போதும். கோபத்தை வெளியே வைத்துவிட்டு எழுதுங்கள். "கள்ளர்", "ஏமாற்றுக்காரர்" போன்ற சொற்களை நானும் முதல் கடிதத்தில் எழுதி, பிறகு கிழித்துத் திரும்ப எழுதினேன். இந்தக் கடிதத்தைப் பிறகு ஒரு விசாரணை அதிகாரி வாசிப்பார். அவர் உங்களை நிதானமான ஆளாகப் பார்க்க வேண்டும்.

தபாற்கந்தோரில் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். அந்தத் துண்டுச்சீட்டைப் பில்லோடு ஒட்டி வையுங்கள். மூலப் பிரதிகளை ஒருபோதும் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள், எல்லா இடத்துக்கும் போட்டோகொப்பிதான். கொம்பனியின் தலைமை அலுவலகம் கொழும்பிலிருந்தால் அங்கேயும் ஒரு பிரதி அனுப்புங்கள். என் அனுபவத்தில், இங்குள்ள கிளை அசையாதபோது தலைமை அலுவலகம் அசைந்திருக்கிறது.

அதிகாரசபையிடம்

10 நாள் கடந்தும் பதில் இல்லையா? அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்து விவரம் கேளுங்கள். மாவட்ட அலுவலகத்துக்கு நேரே போவதென்றால் உட்துறைமுக வீதியிலுள்ள கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) விசாரித்துக்கொண்டு போங்கள். வெருகல், மூதூர், குச்சவெளிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறுகிறார்கள். அதனால் முதலில் போன் எடுத்து, சம்பந்தப்பட்ட அதிகாரி அன்றைக்கு இருப்பாரா, வெளிக்களச் சோதனைக்குப் போய்விடுவாரா என்று கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டைப் பிரதி, பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, நீங்கள் அனுப்பிய கடிதம், பதிவுத்தபால் துண்டு, பழுதின் படங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்பது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. தெரியாத மொழியிலிருக்கும் எந்தத் தாளிலும் கையொப்பம் வைக்காதீர்கள், வாசித்து விளங்கப்படுத்தும்படி கேளுங்கள். கொடுத்த முறைப்பாட்டின் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். மூன்று மாதத்துக்குள் கொடுத்ததற்கு அதுதான் அத்தாட்சி.

பிறகு இரு பக்கத்தையும் கூப்பிடுவார்கள். வியாபாரிக்கும் தன் பக்கத்தைச் சொல்ல இடம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பல விஷயங்கள் இந்த மேசையிலேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் விசாரணை நடத்திக் கட்டளை இடலாம். கட்டளையை வியாபாரி நிறைவேற்றாவிட்டால் அதிகாரசபை நீதவான் நீதிமன்றத்துக்குப் போய், அந்தத் தொகையைத் தண்டப்பணம் அறவிடுவது போல அறவிட முடியும். நீங்கள் சட்டத்தரணி பிடிக்க வேண்டியதில்லை.

முறைப்பாடு கிடப்பில் போய்விட்டதோ என்று தோன்றினால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். "எனது …… திகதிய முறைப்பாடு இப்போது எந்த நிலையில் இருக்கிறது" என்று தகவல் அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.

மத்தியஸ்த சபை

எனக்கு மிகவும் பிடித்த வாசல் இது. ஆட்கள் ஏனோ இதைக் காணிச் சண்டைக்கும் வேலிச் சண்டைக்கும் மட்டும் உரியதென்று நினைக்கிறார்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தவை இந்தச் சபைகள். கடனாகக் கொடுத்த பணம், முற்பணம் வாங்கிக்கொண்டு வேலை முடிக்காத தச்சர், கலியாணத்துக்குச் சொன்ன நேரத்துக்குக் கொட்டகை போடாதவர், அல்பம் தராமல் இழுக்கும் படப்பிடிப்பாளர் என்று எங்கள் அன்றாடப் பிணக்குகள் பலவற்றுக்குப் பொருத்தமான இடம். குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பிணக்கென்றால், முதலில் இங்கே வந்து தீராமற்போன சான்றிதழ் பெற்ற பிறகுதான் கோட்டுக்கே போக முடியும். அந்தத் தொகை காலத்துக்குக் காலம் கூட்டப்பட்டிருப்பதால் இப்போதைய எல்லையைப் பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பகுதிச் சபை எங்கே, எந்த நாளில் கூடுகிறது என்பதும் அங்கேயே தெரியும். பெரும்பாலும் சனி, ஞாயிறில் பாடசாலைக் கட்டடத்தில் கூடுவார்கள், கூலிவேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

சபைத் தவிசாளருக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மத்தியஸ்தர்கள் பெயர்ப்பட்டியலிலிருந்து நீங்கள் ஒருவரைத் தெரிவுசெய்யலாம், எதிர்ப்பக்கம் ஒருவரைத் தெரிவுசெய்யும், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தலைவராக எடுப்பார்கள். சட்டத்தரணிகளுக்கு அங்கே பேச இடமில்லை. கொம்பனிக்காரர் கறுப்புக் கோட்டோடு வந்து மிரட்டுவார் என்ற பயம் வேண்டாம். மத்தியஸ்தர்கள் ஓய்வுபெற்ற அதிபர், ஆசிரியர், அரச உத்தியோகத்தர் போன்ற ஊர்ப்பெரியவர்கள், பயிற்சி பெற்றவர்கள். தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். இருவரையும் பேசவைத்து, இருவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு முடிவுக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். அங்கே பேசியதைப் பிறகு கோட்டில் சாட்சியாகக் கொண்டுபோக முடியாது. அதனால் இரண்டு பக்கமும் மனம்விட்டுப் பேசலாம். "என்னிடம் இப்போது காசில்லை, மூன்று மாதத்தில் தருகிறேன்" என்று ஒரு வியாபாரி வெளிப்படையாகச் சொல்லக்கூடிய இடம் இதுதான்.

திருமலை போன்ற ஊருக்கு இது இன்னும் பொருத்தம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் வாங்கி விற்கிறோம். ஒரு பிரிட்ஜ் சண்டை சில நேரம் இனச் சண்டைக் குரலில் பேசப்பட்டுவிடும். மூன்று பெரியவர்கள் முன்னால் பில்லை வைத்துப் பேசும்போது அது மறுபடியும் பிரிட்ஜ் சண்டையாகிவிடுகிறது. தையல் மெசின் அன்ரியின் விஷயத்திலும் அதுதான் நடந்தது. கடைக்காரர் கிண்ணியாவிலிருந்து வந்து உட்கார்ந்தார். அன்ரி மோட்டாரை ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். முழுப் பணம் திரும்பவில்லை. மோட்டாரின் விலையை இரண்டு தடவையில் தர ஒப்புக்கொண்டு, தந்து முடித்தார். இப்போதும் அன்ரி அவரிடம்தான் நூல் வாங்குகிறார்.

கவனிக்க வேண்டியது ஒன்று. இணக்கத்தை எழுதும்போது தொகை, திகதி, எங்கே வைத்துக் கொடுப்பது, ஒரு தவணை தவறினால் என்ன என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். "விரைவில்" என்ற சொல்லை ஏற்காதீர்கள். மனமில்லாவிட்டால் கையொப்பமிடத் தேவையில்லை, யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அப்போது தீராமற்போன சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

வேறு வாசல்கள்

எல்லாவற்றையும் 1977க்குக் கொண்டுபோக வேண்டாம். வங்கி, லீசிங், நிதிக் கம்பனி என்றால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம், இலக்கம் 1935. காப்புறுதிக்குத் தனி ஒம்புட்ஸ்மன் (முறைப்பாடுகளை விசாரிப்பவர்) இருக்கிறார். தொலைபேசி, இணையச் சேவைக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழு, இலக்கம் 1900. மின் பட்டியல் பிணக்கை மின்சார அலுவலகம் தீர்க்காவிட்டால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. பழுதான சாப்பாட்டுக்கு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதுவும் உடனே, சாப்பாட்டை வீசாமல். தராசில் சந்தேகமென்றால் அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் மாவட்டப் பிரிவு. மீன் வாடியிலும் மரக்கறிச் சந்தையிலும் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் எங்களுக்கு வர வேண்டும். எது எங்கே என்று குழம்பினால் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919க்கு எடுத்துத் தமிழில் கேளுங்கள்.

ஒன்லைனில் வாங்குவதுதான் இப்போது பெரிய தலைவலி. பேஸ்புக் பக்கத்தில் ஒரு படம், கூரியரில் வந்து இறங்குவது வேறொன்று, அடுத்த நாள் பக்கமே காணாமற்போகும். விற்பவரின் பெயரும் முகவரியும் தெரியாவிட்டால் எந்த அலுவலகத்தாலும் அழைப்பாணை அனுப்ப முடியாது. ஆகவே ஓடருக்கு முன் முகவரி கேளுங்கள், விளம்பரத்தை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், பொதியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், கூரியர் ஒட்டுத்தாளைக் கிழித்தெறியாதீர்கள். முகவரி தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவானாலும்.

சட்டம் மாற வேண்டிய இடம்

இவ்வளவும் இருக்கிற சட்டத்துக்குள் நடப்பது. அதிகாரசபைச் சட்டம் 1979ஆம் ஆண்டின் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்துக்கு 2003இல் வந்தது. அன்றைக்குக் கையில் ஸ்மார்ட் போன் இல்லை, பேஸ்புக் கடை இல்லை. மாற்ற வேண்டும் என்ற பேச்சு வந்துபோகிறது. அது எங்கள் காதுக்கு வரும்போது எதைக் கேட்பதென்று நாங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

என் மனதில் முதலில் நிற்பது அந்த மூன்று மாதம். இரண்டு வருட உத்தரவாதத்தோடு விற்கும் பொருளுக்கு, விற்ற நாளிலிருந்து மூன்று மாதம் என்ற எல்லை பொருந்தவே இல்லை. பழுது தெரிந்த நாளிலிருந்து, அல்லது உத்தரவாதம் மீறப்பட்ட நாளிலிருந்து கணக்கிட வேண்டும். இந்தியாவில் வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் கொடுக்கிறார்கள்.

அடுத்தது பணம் யாருக்குப் போகிறது என்பது. 2021ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கத் திருத்தம் அதிகபட்ச விலைக்கு மேல் விற்பதற்கான தண்டத்தைப் பெரிதாகக் கூட்டியது: தனிநபர் வியாபாரிக்கு 100,000 முதல் 500,000 ரூபாய் வரை, கம்பனிக்கு 500,000 முதல் 5,000,000 ரூபாய் வரை. தேவையான திருத்தம்தான். ஆனால் அந்தப் பணம் அரசுக்குப் போகிறது. கூடிய விலைக்கு அரிசி வாங்கிய தாய்க்கு ஒரு சதமும் வருவதில்லை. தண்டத்தோடு இழப்பீடும் சேர்ந்து வரும் விதி வேண்டும். ஒன்லைன் விற்பனையாளர் தன் பெயர், முகவரியை வெளியிட வேண்டிய கட்டாயமும் வேண்டும். மாவட்டந்தோறும், எளிய நடைமுறையோடு, தமிழிலும் சிங்களத்திலும் விசாரிக்கும் ஒரு பாவனையாளர் நியாயசபையும், அதற்குள்ளேயே மத்தியஸ்தமும் வேண்டும். இந்தியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மத்தியஸ்தத்துக்கென்று ஒரு அத்தியாயமே வைத்திருக்கிறது. ஐக்கிய நாடுகளின் பாவனையாளர் பாதுகாப்பு வழிகாட்டல்கள் 2015இல் திருத்தப்பட்டபோது இணைய வணிகத்துக்கும் பிணக்குத் தீர்ப்புக்கும் அவற்றில் இடம் கொடுக்கப்பட்டது. நாங்கள் கேட்பது புதுமையான எதுவுமல்ல.

இதைச் சொல்ல நீங்கள் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. உங்களுக்கு நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: என்ன வாங்கினீர்கள், எந்த நாளில் பழுதானது, எங்கெங்கே அலைந்தீர்கள், எந்த விதியால் தடைப்பட்டீர்கள், அந்த விதி எப்படி இருந்திருந்தால் உதவியிருக்கும். வர்த்தக விவகாரத்துக்குப் பொறுப்பான அமைச்சுக்கும் எங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். சட்டமூலங்கள் பாராளுமன்றத்துக்கு வருமுன் வர்த்தமானியில் தமிழிலும் வெளியாகும், அரசாங்க அச்சகத்தின் இணையத்தளத்தில் இறக்கி வாசிக்கலாம். சனசமூக நிலையத்திலோ மாதர் சங்கத்திலோ பத்துப் பேர் சேர்ந்து பத்துக் கதைகளை ஒரே உறையில் வைத்து அனுப்பினால் இன்னும் நல்லது. அன்ரியின் கதையை நான் அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறேன், திகதி திகதியாக, மோட்டாரின் படத்தோடு.